இலை கொட்டிய ஆர்க்கிட்: தண்ணீர் விடலாமா, கூடாதா?

வேர்முடிச்சு: கேட்டசீட்டம் என்ற ஆர்க்கிட் குளிர்கால உறக்கத்துக்காக இலை உதிர்த்துவிட்டால் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். முளை தலைகாட்டிய மகிழ்ச்சியில் ஊற்றித்தான் பலர் செடியைத் தொலைக்கிறார்கள். அந்த முளைக்கு இன்னும் வேரே கிடையாது. பழைய பல்ப்பில், அதாவது தடித்த தண்டில், சேர்ந்திருக்கும் நீரையும் மாவுச்சத்தையும் தின்றே வளர்கிறது. போன பருவத்து வேர்களும் பெரும்பாலும் செத்திருக்கும். ஈரத்தை உறிஞ்ச ஆளில்லாமல் சட்டியில் நிரப்பிய பாசி நனைந்தே கிடந்தால் முளையின் அடி கறுத்து அழுகும். புது வேர் 8–10 செ.மீ. நீளட்டும், பிறகு விடுங்கள்.

பாசிச்சட்டி: "அடியோடு" என்பதில்தான் எனக்குச் சண்டை. விரல் பருமன்கூட இல்லாத நாற்றின் பல்ப்பில் என்ன சேமிப்பு இருக்கும்? முதல் குளிர்காலத்தில் அதை உறங்கவே விடக்கூடாது. வெப்பமும் வெளிச்சமும் கொடுத்து, நீரும் விட்டு, வளரவிட வேண்டும்.

வேர்முடிச்சு: நாற்று விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது வளர்ந்த செடிக்கு.

பாசிச்சட்டி: வளர்ந்ததும் சில நேரம் வற்றிச் சூம்பிப்போகிறதே?

வேர்முடிச்சு: மேலே வரி வரியாய்ச் சுருக்கம் விழுவது இயல்பு. பல்ப் மொத்தமும் சூம்பினால் ஒரே ஒரு முறை நன்றாக நனைத்து, மறுபடி காயவிடுங்கள். ஆனால் அழுத்தினால் கொழகொழவென்று பழுப்பாக இருந்தால் அது தாகமில்லை, அழுகல். அங்கே தண்ணீர் விஷம்.

கணுத்தண்டு: இருவரும் கேட்டசீட்டத்தை வைத்தே பேசுகிறீர்கள். டென்ட்ரோபியம் நோபிலே என்ற இன்னொரு ஆர்க்கிட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. அதன் வேர் உயிரோடுதான் இருக்கும். தண்டு ரொம்பச் சுருங்காத அளவுக்கு எப்போதாவது லேசாக நனைத்தால் போதும். அதற்கு முக்கியம் குளிரும் வெளிச்சமும்: சில வாரங்களுக்கு இரவில் 10–13 டிகிரி செல்சியஸ். கோடை முடியும்போதே நைட்ரஜன் உரத்தை நிறுத்தாவிட்டால் பூ வரவேண்டிய கணுவில் கெய்கி எனும் குட்டிச்செடி வரும். மொட்டைத் தண்டு காய்ந்துவிட்டதென்று வெட்டாதீர்கள், பூப்பதே அதில்தான்.

பாசிச்சட்டி: சரி, கேட்டசீட்டத்துக்கே வருகிறேன். இலை பச்சையாகவே நின்றால் எப்போது நிறுத்துவது?

வேர்முடிச்சு: பல்ப் முற்றியதும் உரத்தை நிறுத்தி, தண்ணீரைப் பாதியாக்குங்கள். தொடர்ந்து ஊற்றுவதால்தான் பல நேரம் இலை விழாமல் நிற்கிறது.

பாசிச்சட்டி: பச்சை இலையைப் பட்டினி போட எனக்கு மனம் வராது. மஞ்சள் தட்டட்டும், அப்புறம் குறைக்கிறேன்.

வேர்முடிச்சு: குளிர்காலம் பாதி போனபிறகும் மஞ்சளுக்காகக் காத்திருந்தால் அடுத்த முளை ஈரச்சட்டியில்தான் கிளம்பும். சட்டி மாற்றுவதையாவது தள்ளிப்போடாதீர்கள்: புது வேர் நுனி தெரிந்த உடனே. நீண்டபின் கைவைத்தால் நுனி முறியும்.