ஸ்டாப் என்பதை இஸ்டாப் என்று வாசிக்கும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தக்கலை அம்மா:

என் மகள் இரண்டாம் வகுப்பு, ஆங்கில வழி. கேட், சன், ரெட், பிக் மாதிரி மூன்றெழுத்து வார்த்தைகளை எழுத்துக் கூட்டி வேகமாக வாசித்துவிடுவாள். தொடக்கத்தில் இரண்டு மெய் ஒட்டி வந்தால்தான் தகராறு. ஸ்டாப் என்றால் 'இஸ்டாப்', ப்ளாக் என்றால் 'பிலாக்'. வாசிப்பதாவது பரவாயில்லை. டிக்டேஷனில் தவளைக்கு உள்ள ஃப்ராக் சொன்னால் எஃப், ஓ, ஜி என்று எழுதி வைக்கிறாள். ஆர் காணோம். ஸ்டாப்புக்கு எஸ், ஓ, பி.

பள்ளியில் கேட்டால் 'வீட்டில் பிராக்டிஸ் கொடுங்க' என்பதோடு முடிந்துவிடுகிறது. டியூஷன் நோட்டில் ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே தமிழில் எழுதிக் கொடுக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறாள். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மாமியாருக்குக் கவலை. நான் தமிழ் வழியில் படித்தவள், ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துக்கு உரிய ஒலியைச் சொல்லி வாசிக்கும் முறை எல்லாம் எங்கள் காலத்தில் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

வடசேரி அப்பா:

எங்கள் பையனுக்கு ப்ள, க்ள, ப்ர, க்ர என்று வரிசையாகச் சார்ட் வாங்கிச் சுவரில் ஒட்டினோம். தினமும் சாயங்காலம் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். மனப்பாடம் ஆகிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

குழித்துறை டீச்சர்:

மக்களே, முதலில் மாமியாருக்குத் தைரியம் சொல்லுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாள், டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதில்லை என்றால் காதில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒருமுறை காது டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. ஆனால் ஃப்ராக்குக்கு ஆர் விட்டுப்போவது, வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளும் அந்த வயதில் செய்வதுதான். முதல் மெய்க்கும் உயிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒலியைப் பிரித்துக் கேட்பது சிறு பிள்ளைக்குக் கடினம்.

'இ' சேர்ப்பதற்குக் காரணம் வேறு. தனி மெய் வார்த்தைக்கு முதலில் வராது என்று தொல்காப்பியமே சொல்கிறது. அதோடு மெய்யெழுத்தை நாம் இக், இங், இச் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். ஸ் என்ற எழுத்தைப் பார்த்தால் பிள்ளை 'இஸ்' என்றுதான் சொல்லும். அவள் கற்றதை ஒழுங்காகப் பின்பற்றுகிறாள். அதனால் திட்டாதீர்கள்.

இன்னொன்று, அவள் வாய்க்கு இது புதிதே இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஞாயிறு வகுப்புக்குப் போகிற எந்தப் பிள்ளையையும் 'ஸ்தோத்திரம்' சொல்லச் சொல்லுங்கள், இ இல்லாமல் பளிச்சென்று வரும். வகுப்பில் ஒரு ப்ரின்ஸ், ஒரு ஸ்டெஃபி, ஒரு ப்ளெஸ்ஸி இல்லாமல் இருக்காது. பலாமரத்தை 'ப்லாவு' என்று சொல்லும் பாட்டிமார் எங்கள் பக்கம் ஏராளம். நான் எப்போதும் பிள்ளைகளின் பெயரில்தான் தொடங்குவேன். ஸ்டெஃபியைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வேன், அதே வாயோடு ஸ்டாப் சொல்லச் சொல்வேன். 'இஸ்டெஃபி' என்று தோழியை யாரும் கூப்பிடுவதில்லை. உங்கள் மகளின் கூட்டாளிகளில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் வரிசை. சார்ட்டில் உள்ளபடி ப்ள-வில் தொடங்க வேண்டாம். இழுக்க முடிகிற ஒலிகளில் தொடங்குங்கள்: ஸ்லிப், ஸ்னேக், ஸ்மைல், ஸ்விம். பாம்பு சீறுவது போல ஸ்ஸ்ஸ் என்று நீட்டி, மூச்சு விடாமல் அடுத்த ஒலியில் இறங்க வேண்டும். அவள் விரலை எடுத்து அவள் தொண்டையில் வைத்துவிடுங்கள். ஸ்ஸ்ஸ் வரும்போது தொண்டை சும்மா இருக்கும், 'இ' வந்த உடனே விரலில் அதிரும். 'விரல் துடிக்காமல் தொடங்கு' என்றால் போதும், நீங்கள் திருத்த வேண்டியதே வராது. தானே பிடித்துவிடுவாள்.

அது கைவந்த பிறகு ஸ்டாப், ஸ்பின், பிறகு ஃப்ளாக், ஃப்ராக், கடைசியில் ப்ள, க்ள, ப்ர, ட்ர. ப், க் இரண்டையும் நீட்ட முடியாது, அதனால்தான் அங்கே இ நுழைகிறது. ப்ளாக்குக்கு ஒரு வழி உண்டு. உதட்டை மூடிக்கொண்டு, மூடிய வாய்க்குள்ளேயே நாக்கை ல-வுக்குத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். பிறகு உதட்டைத் திறந்தால் ப்ளா தானாக வரும், இ-க்கு இடமே இருக்காது. தெரிந்த வார்த்தைக்கு முன்னால் ஒலியை ஒட்டுவதும் நல்ல பயிற்சி: லிப், ஸ்லிப். டாப், ஸ்டாப். லாக், க்ளாக். ரெயின், ட்ரெயின். ஷ, ச, த ஒலிக்கு எஸ் எச், சி எச், டி எச் என்று எழுதுகிறோமே, அதை இதோடு கலக்காதீர்கள். அங்கே இரண்டு எழுத்துக்கு ஒரே ஒலி, இங்கே இரண்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஸ்ட்ரீட், ஸ்ப்ளாஷ் மாதிரி மூன்று மெய் சேர்வதெல்லாம் மெதுவாக வரட்டும்.

எழுதுவதற்கு முன்னால் கட்டம். இது எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் காட்டிய முறை, இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. சிலேட்டில் நாலு கட்டம் போட்டு, கீழே நாலு புளியங்கொட்டை வையுங்கள். ஃப்ராக் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டையை உள்ளே தள்ள வேண்டும்: ஃப், ர், ஆ, க். எஃப், ஓ, ஜி என்று எழுதினால் அது ஃபாக், அதாவது மூடுபனி. அதையும் அதே கட்டத்தில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கொட்டை வெளியே மிஞ்சும். எது மிஞ்சியது என்று அவளே தேடட்டும். கண்டுபிடித்த பிறகு கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்தை எழுதச் சொல்லுங்கள். தமிழில் நாம் 'ரா' என்று உயிரும் மெய்யும் சேர்ந்த எழுத்தாகப் பழகியவர்கள். ர் தனி, ஆ தனி என்று பிள்ளை பிரித்துக் கேட்பது இந்தக் கட்டத்தில்தான்.

டியூஷன் நோட்டில் தமிழில் எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். பிளாக், கிளாஸ், டிரைவர் என்று பி, கி, டி போட்டுத்தான் தமிழில் எழுதுவது வழக்கம். தமிழ் வாசிப்பவருக்கு அது சரி. ஆனால் பிள்ளை ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் கீழே உள்ள பி-யைத்தான் வாசிக்கிறாள்.

வடசேரி அப்பா, சார்ட் இருக்கட்டும், தப்பில்லை. மனப்பாடம் செய்த பிள்ளை அதில் இல்லாத ஒரு வார்த்தையை வாசிக்கிறானா என்று மட்டும் பாருங்கள். ஸ்னாப், க்ரிப் மாதிரி ஏதாவது கொடுத்துப் பாருங்கள்.

விளவங்கோடு:

எங்கள் வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவோம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தானே. மலையாளத்தில் புறா 'ப்ராவு', பலா 'ப்லாவு', அதனால் மகனுக்குப் பேச்சில் இ வருவதே இல்லை. ஆனால் எழுதும்போது அவனும் ஃப்ராக்குக்கு ஆரை விடுகிறான். டீச்சர், அவனுக்கும் கட்டம்தானா?

குழித்துறை டீச்சர்:

ஆமாம், அவனுக்குத் தொண்டையில் விரல் வைக்கும் வேலை வேண்டாம், நேரே கட்டத்துக்கு வாருங்கள். சொல்வது ஒரு திறமை, சொல்லும்போதே பிரித்துக் கேட்பது இன்னொரு திறமை. உங்கள் மகன் அதற்கு நல்ல சாட்சி.

தக்கலை அம்மா:

ரொம்ப நன்றி டீச்சர். அவள் சிநேகிதி பெயர் ஸ்டெல்லா! விரல் வைத்துப் பார்த்தோம், ஸ்லிப்பும் ஸ்னேக்கும் வந்துவிட்டது. மாமியாரும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கிறார்கள். இரண்டு கேள்வி. ஸ்டேட்டை 'இஸ்டேட்' என்று நாங்களே பேசுகிறோம், பெரியவர்கள் எல்லாரும் மாற வேண்டுமா? யூடியூப் பாட்டு கேட்டு ட்ரெயினுக்கு சி எச் ஆர் என்று எழுதினாள், அது என்ன?

குழித்துறை டீச்சர்:

பெரியவர்கள் பேசுவது பேசுவதுதான், அது குற்றமில்லை. ஆனால் வாசிக்கும் பிள்ளைக்கு இ கூடினால் வேறு வார்த்தை ஆகிவிடும். ஸ்டேட் என்றால் மாநிலம். அதையே இஸ்டேட் என்றால் ரப்பர் எஸ்டேட் மாதிரி கேட்கும். ப்ளோ என்றால் ஊது, பிலோ என்றால் கீழே. இந்த ஜோடிகளை அட்டையில் எழுதி, நீங்கள் ஒன்றைச் சொல்ல அவள் அட்டையை எடுக்கட்டும். பிறகு அவள் சொல்ல நீங்கள் எடுங்கள்.

சி எச் ஆர் என்று எழுதியதற்குச் சந்தோஷப்படுங்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் ட்ர-வைச் சொல்லும்போது ச்ர போலத்தான் கேட்கும், அந்த நாட்டுப் பிள்ளைகளும் அப்படியே எழுதுவார்கள். காது நன்றாக வேலை செய்கிறது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். 'இந்த ஒலிக்கு டி ஆர் போடுவார்கள்' என்று சொல்லி ட்ரெயின், ட்ரீ, ட்ரக், ட்ரிப் நாலையும் ஒரே பக்கத்தில் எழுதவிடுங்கள். ட்ரைவர், ட்ரம் வரும்போது தமிழில் டி என்றே சொல்லும் ஆங்கில எழுத்து இரண்டு (T, D) இருப்பது குழப்பும், அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.