கட்டாரிலிருந்து வந்து ஏழு மாதம், ஊரில் மனம் ஒட்டவில்லை: வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இலங்கையில் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடிப் பக்கம். கட்டாரில் பதினொரு வருடம் ஏசி திருத்தும் வேலை செய்துவிட்டு, இனி ஊரோடு இருப்போம் என்று வந்தேன்.

அப்பாவின் வயல் காணியை என் பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை போய்விட்டேன். "ஐயா கூட்டத்துக்குப் போயிட்டார், புதன்கிழமை வாங்க தம்பி." புதன்கிழமை போனால் இன்னொரு கடிதம் கேட்கிறார்கள். கடைசித் தடவை அப்பாவையும் கூட்டிப்போனேன். முழங்கால் வலியோடு, வாங்கின் நுனியில், கோப்பை மடியில் வைத்தபடி மூன்று மணி நேரம் இருந்தார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தி வேளாண்மை படுத்தபோதுகூட நாட்டைத் திட்டாத மனுசன் அவர்.

கட்டார் சொர்க்கம் இல்லை. கோடையில் காலை 10 முதல் 3.30 வரை வெளிவேலைக்குச் சட்டமே தடை போடும் வெயில். எத்தனை வருடம் இருந்தாலும் அங்கே நாம் வேலையாள்தான். ஆனால் வரிசை என்றால் வரிசை.

திரும்பி வந்து இங்கேயே நின்றவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? கல்முனையில் ஏசி திருத்தும் கடை போட்டால் ஓடுமா? பாசிக்குடா ஹோட்டல்களில் ஒப்பந்த வேலை எடுக்க யாரைப் பிடிக்க வேண்டும்? அப்புறம், காணி விடயத்துக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பம் போட்டவர்கள் இருந்தால் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

திரும்பி வருவேனா என்று கட்டாரில் பழைய முதலாளி மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார். மகள் இப்போதுதான் என்னோடு ஒட்டத் தொடங்கியிருக்கிறாள்.