ஒரே போன், இரண்டு ஜோடி இயர்பட்ஸ்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

சைடு_லோயர்

பொதிகை எக்ஸ்பிரஸில் அம்மாவோடு ஊருக்குப் போகும்போது நடந்தது. சாம்சங் போனில் டூயல் ஆடியோ, அதாவது ஒரே பாட்டை இரண்டு பட்ஸுக்கும் அனுப்பும் வசதி. என் பட்ஸ் ஒன்று, அம்மாவுக்குத் தங்கை வாங்கித் தந்த வேறு கம்பெனி பட்ஸ் இன்னொன்று. எப்படி இணைப்பது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். பழைய கச்சேரிப் பதிவு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

விழுப்புரம் தாண்டிப் பெட்டியில் விளக்கை அணைத்தபின் அம்மா தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். அடி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் அடி, வீச்சு, அடி, வீச்சு. ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்ட மிருதங்கத்துக்கு ஒரு இழை பின்னால் விழுந்தது. அம்மா முறையாகப் பாட்டுக் கற்றவர். அவர் கை தாளம் தப்பி நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது, வயிற்றைப் பிசைந்தது.

அவர் காதிலிருந்து ஒன்றை வாங்கி என் இடது காதில் வைத்துப் பார்த்தேன். வலது காதில் மிருதங்கம் விழுந்து, இடது காதில் அதே அடி திரும்ப விழுந்தது. அம்மாவின் கை அந்த இரண்டாவது அடியில் அச்சுப் பிசகாமல் இருந்தது. என் பட்ஸ் முந்தி ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நெஞ்சு படபடப்பு அடங்க விருத்தாசலம் வந்துவிட்டது. அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி?

அரைமணி_தாமதம்

எனக்கு நேர் எதிர். பேய்ப் படம், மடியில் டேப்லெட், நானும் மனைவியும். கதவு அறையும் சத்தம் எனக்கு வருவதற்குள் அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். அதன் பிறகு நான் திரையையே பார்க்கவில்லை, அவள் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது குலுங்கினால் எனக்கு ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிடும். படத்தில் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. பட்ஸ் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான், வேறு வேறு கம்பெனி.

பின்சீட்_ஜன்னல்

இரண்டு ஜோடி எதற்கு என்பதுதான் என் கட்சி. ஒரே ஜோடியில் ஆளுக்கொன்று மாட்டினால் தாமதம் என்ற பேச்சே இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் திருச்சி பஸ்ஸில் எப்போதும் அப்படித்தான்.

ஒரு முறை மட்டும் வேறு மாதிரி ஆனது. பல்லவி முடிந்து இடையிசை வந்தது. எனக்கு வயலின் வயலினாகக் கொட்டுகிறது. நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் போனை எடுத்து "நின்னு போச்சா?" என்று தட்டிப் பார்க்கிறார். அவர் காதில் தூரத்தில் ஒரு கிடார் மட்டும் டொக் டொக்கென்று. பழைய ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை ஒரேயடியாக ஒரு பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். ஒற்றையாக மாட்டினால் சில பட்ஸ் தானாகவே இரண்டு பக்கத்தையும் கலந்து கொடுத்துவிடும், ஆனால் இரண்டும் காதில் இருந்தால் ஒருவர்தான் மாட்டியிருக்கிறார் என்று அது நினைத்துக்கொள்ளும். எத்தனையோ வருடமாக அவர் அந்தப் பாட்டில் வயலினே கேட்டதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது!

அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் எல்லாம் கேட்கும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு.

ராத்திரி_சீரியல்

பின்சீட் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. ஒருவர் காதில் இருந்ததை எடுத்து இன்னொருவர் காதில் வைப்பது சுத்தமான பழக்கம் இல்லை. காதில் சீழ், அரிப்பு இருப்பவர் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூடாது. அதோடு மோனோ போட்டால் ஸ்டீரியோ போயிற்று. வயலின் கிடைத்தது, ஆனால் அது எங்கே உட்கார்ந்து வாசிக்கிறது என்பது கிடைக்காது.

என் கதை சின்னது. பெரியவன் பிளஸ் டூ, ஒரே ஹால், டிவி சத்தம் வைக்க முடியாது. டிவிக்குப் பின்னால் இரண்டு ஹெட்போன் ஏற்கிற புளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்று சொருகினோம். நானும் அத்தையும் ஆளுக்கொரு பட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சீரியலில் மாமியார் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ வாய மூடிட்டுப் பேசுறாளே" என்றார். அந்தப் பார்வை மறக்கவே இல்லை.

அதற்கப்புறம் நிறையப் படித்தேன், எல்லோருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். நாம் பல காலமாகப் பயன்படுத்தும் புளூடூத் பாட்டு முறை ஏ2டிபி. அது ஒரு போனிலிருந்து ஒரு ஹெட்போனுக்கு என்று எழுதப்பட்டது. டூயல் ஆடியோ என்பது அதையே இரண்டு தனித்தனி ஓட்டமாக அனுப்புவது. சாம்சங் அதை 2017-இல் கேலக்ஸி எஸ்8-இல் கொண்டுவந்தது. ஒவ்வொரு பட்ஸும் வருகிற ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கும், இல்லாவிட்டால் விட்டு விட்டுக் கேட்கும். எவ்வளவு சேர்த்து வைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சைடு லோயர் அம்மாவுக்கு நடந்தது அதுதான். ஆகவே முதல் யோசனை: இரண்டும் ஒரே மாடலாக வாங்குங்கள், வித்தியாசம் பெரும்பாலும் காதுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். இரண்டாவது, போன் பின்பாக்கெட்டில் இருக்க வேண்டாம். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், நம் உடம்பே அதை உறிஞ்சிவிடும். வைஃபையும் பல வீடுகளில் அதே அலைவரிசையில் நெரிசல் பண்ணுகிறது. போனை இருவருக்கும் நடுவில் வையுங்கள். மூன்றாவது, டிவிக்கு டிரான்ஸ்மிட்டர் வாங்குவதானால் தாமதம் குறைவான ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறை இருக்கிறதா, இரண்டு ஹெட்போன் சேர்ந்தாலும் அது வேலை செய்யுமா, உங்கள் பட்ஸிலும் அது இருக்கிறதா, மூன்றையும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

கடைசியாக, இனிமேல் வாங்குகிறவர்கள் எல்ஈ ஆடியோ (புளூடூத்தின் புதிய ஒலி முறை), ஆரகாஸ்ட் (அதில் உள்ள ஒலிபரப்பு வசதி) என்ற பெயர்களைப் பார்த்து வாங்குங்கள். எல்ஈ ஆடியோ 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, ஆரகாஸ்ட் என்ற பெயர் 2022-இல் வந்தது. ஆரகாஸ்டில் போன் ஒரே ஓட்டத்தை ஒலிபரப்புகிறது, எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். எந்த நொடியில் வாசிக்க வேண்டும் என்ற கணக்கும் அந்த ஓட்டத்தோடேயே போகிறது. நம் பிரச்சினைக்கு வேரிலேயே மருந்து அதுதான்.

கேக்குதாப்பா

தாமதத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு நெஞ்சில் தைத்தது ஒலியளவு.

அப்பாவுக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஐபோனில் ஆடியோ ஷேரிங் போட்டு அவரோடு பழைய நாடகங்கள் கேட்பேன். அந்த வசதி 2019-இல் ஐஓஎஸ் 13.1-இல் வந்தது. ஏர்பாட்ஸும் சில பீட்ஸ் ஹெட்போன்களும்தான் அதில் சேரும், போன் ஐபோன் 8 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அதில் இருவருக்கும் தனித்தனிக் கோடு வரும், ஒலியை ஆளுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

"கேக்குதாப்பா?" "ம், கேக்குது." எப்போது கேட்டாலும் இதே பதில். அன்றைக்கு அவர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலை ஆட்டினார். நானும் தள்ளிக்கொண்டே போனேன். பார்த்தால் திரையில் இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில். என்னுடையது கால்வாசியில், அவருடையது உச்சியில். அதற்கு மேல் தள்ள இடம் இல்லை. விரல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் டிவி வைத்தால் சத்தம் எல்லோருக்கும் ஒன்று. அதனால் அவருக்குக் காது இவ்வளவு குறைந்திருப்பது எங்கள் யாருக்கும் தெரியவே இல்லை. அடுத்த வாரமே ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்தோம். இப்போது காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார். ராத்திரி சீரியல் சொன்ன ஆரகாஸ்ட் சில புதிய கருவிகளிலேயே வந்துவிட்டது, அதையும் கேட்டுத்தான் வாங்கினோம். வயதானவர்களோடு பகிர்ந்து கேட்கிறவர்கள் அந்த இரண்டு கோட்டையும் ஒரு தடவை பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

ஒயர்_போதும்

ராத்திரி சீரியல், நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு பாட்டுக்காக ஒரு புது போன், இரண்டு புது பட்ஸ் வாங்கு என்பது எந்த ஊர் நியாயம்? ஒய் மாதிரி பிரிகிற 3.5 மி.மீ. ஸ்பிளிட்டர் நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. போனில் ஜாக் இல்லாவிட்டால் டைப் சி மாற்றி ஒன்று. தாமதம் என்ற சொல்லுக்கே அங்கே வேலையில்லை. ஒரே மின்சாரம் இரண்டாகப் பிரிகிறது, இரண்டு காதுக்கும் அதே கணத்தில் போகிறது. இரண்டு ஹெட்போனும் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்றில் சத்தம் தூக்கும், மற்றதில் அமுங்கும்.

இது புது ஆசையும் இல்லை. சோனி 1979 ஜூலையில் விற்ற முதல் வாக்மேன், டிபிஎஸ்-எல்2, அதில் ஹெட்போன் துளையே இரண்டு. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, உள்ளே இருக்கும் மைக் வழியாக இருவரும் ஹெட்போனைக் கழற்றாமலே பேசிக்கொள்ளலாம். எங்கள் மாமா துபாயிலிருந்து அந்த மாதிரி ஒன்று கொண்டுவந்தார். அவரும் அத்தையும் மொட்டைமாடியில் அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பேசிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பக்கத்தில் இருப்பவரும் கேட்பார் என்று நினைத்துச் செய்த பொருள் அது. இப்போது எல்லாம் ஒற்றை ஆளுக்குத்தான்.

சைடு_லோயர்

எல்லோருக்கும் நன்றி. ஒரே மாடல் யோசனையைச் செய்து பார்த்தேன், தங்கையின் பட்ஸைக் கடன் வாங்கி. தாளம் சேர்ந்துவிட்டது. ஆனால் அம்மாவுக்கு அவருடைய பழைய பட்ஸ்தான் காதில் உட்காருகிறது, மற்றது நழுவுகிறது. ஆகவே இனி ரயிலில் ஸ்பிளிட்டர்தான். கேக்குதாப்பா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அம்மாவின் ஒலியளவையும் பார்த்தேன். நல்லவேளை, என்னைவிடக் குறைவாகத்தான் வைக்கிறார்.

டொராண்டோ_ஷிப்ட்

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்காக. ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் மல்டி அவுட்புட் டிவைஸ் உருவாக்கி இரண்டு பட்ஸையும் டிக் செய்யலாம், இரண்டும் போகப்போக விலகாமல் பார்த்துக்கொள்ளும் டிரிஃப்ட் கரெக்ஷனையும் போட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: அதன்பின் விசைப்பலகையின் ஒலிப் பொத்தான்கள் வேலை செய்யாது. படத்தில் வெடிச்சத்தம் வரும்போது தங்கை "கொறைங்கண்ணா" என்று கத்துகிறாள், நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன், திரையில் கட்டம் மட்டும் வந்து போகிறது. அவள் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனவள், அந்தப் படத்தை இன்று வரை முடிக்கவில்லை.

மேட்டுப்பாளையம்_ஏத்தம்

அழைப்பு வந்தால் என்ன ஆகிறது என்று யாரும் எழுதவில்லை. பாட்டு இரண்டு பேருக்கும் போகும், போன் பேச்சு ஒருவருக்குத்தான். அது வேறு புளூடூத் முறை.

ஊட்டி பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில், என் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். தம்பி மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள், நாள் தள்ளிப்போன கவலை வேறு. பாட்டு நின்றது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனைவி காதில் எடுத்துவிட்டது போல, "சொல்லு, சொல்லு" என்கிறாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். நான் அவள் முகத்தைப் படிக்கப் பார்க்கிறேன், நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. என் தம்பி, என் போன், எனக்குத்தான் கேட்கவில்லை. "என்னாச்சு?" என்றால் கையை மட்டும் காட்டுகிறாள், பொறு என்று. அடுத்த வளைவு தாண்டியபின் சொன்னாள். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அந்த வளைவு எனக்கு இன்னும் முடியவில்லை. பகிர்ந்து கேட்கும்போது அழைப்பையும் இரண்டு பட்ஸுக்கும் அனுப்ப வழி தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், மலையேறும் பஸ்ஸில் எஞ்சின் சத்தத்துக்கு ஒன்றும் கேட்காது.