மூலைவிட்டம் சரி, கதவு மூடலை: பழைய வண்டி சேஸிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) அளந்த அனுபவங்கள், நாலு பேர் புனைப்பெயர்ல பேசிக்கிட்டது

ஹெரால்டு பிரியன்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், ரெண்டு கதவு. பாடியைக் கழட்டி வச்சிட்டு அவுட்ரிகர் (நடுச் சட்டத்துலிருந்து பக்கவாட்டுல நீட்டி பாடியைத் தாங்குற கை), சைடு ரெயில் (ஓரத்துல ஓடுற நீளச் சட்டம்) எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல அறுத்துப் போட்டு, புதுசு வெல்டு பண்ணி முடிச்ச பிறகு கைக்கு வந்தது. மூலைக்கு மூலை டேப் பிடிச்சா 1 மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. பாடியை இறக்கி போல்ட் முறுக்கினதும் டிரைவர் பக்கக் கதவோட மேல் விளிம்பு பின் தூண்ல இடிக்குது, கீழே விரல் நுழையுது.

கொத்தனார் வச்சிருக்கற, தண்ணி ரொப்பின ட்யூப் லெவல்தான் காட்டிக் கொடுத்துச்சு. முன்னாடி டர்ரட் (முன் சஸ்பென்ஷனைப் பிடிக்கிற கோபுரம்) பக்கம் இடமும் வலமும் ஒரே மட்டம். பின்னாடி டிஃப்ரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற கியர் பெட்டி) பிடிக்கிற இடமும் அப்படியே. நடு அவுட்ரிகர் நுனிக்கு வந்தா வலது பக்கத் தண்ணி மட்டும் 7 மி.மீ. விலகி நிக்குது. அடிப்பக்க வெல்டுத் தையலை ஒரே இழுவையா ஓட்டியிருக்காங்க. ஆறும்போது அது சுருங்கி நுனியைக் கீழே இழுத்திருக்கு. அந்தத் தையலை கிரைண்டர்ல திறந்து, ஜாக்கியால நுனியை ஏத்தி, நாலு மூலையிலும் டேக் (சின்னப் பொட்டு வெல்டு) போட்டு, மேலும் கீழுமா மாத்தி மாத்தி 25 மி.மீ. துண்டாப் பத்தவச்சப்புறம்தான் கதவு மூடுச்சு. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல பேக்கிங் தகடு வச்சு மூடியிருக்கலாம்தான், ஆனா அது ஏமாத்து வேலை.

ஜீப்பு 3பி

பேக்கிங் ஏமாத்து வேலை இல்லைங்க. கதவு இடைவெளியைச் சரிபண்ண பாடி மவுண்ட்ல பேக்கிங் வைக்கிறது கம்பெனியிலேயே உள்ள வழக்கம். 2, 3 மி.மீ. வரைக்கும் தாராளமா வைக்கலாம். 7-க்கு வெட்டினது சரி, அதை ஒத்துக்கறேன்.

மஹிந்திரா சிஜே 3பி ஜீப்பு ஒண்ணு. வீல்பேஸ் (முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம்) 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. இடது பக்கம் 2032 இருக்கு, வலது பக்கம் 2021. சேஸிஸ் கோணல்னு முடிவு பண்ணி, சங்கிலி போட்டு இழுக்க ஆள் தயார். ஆக்ஸிலை ஸ்பிரிங்கோட கட்டுற யூ போல்ட்டுக்கு அடியில டார்ச் அடிச்சா, ஆக்ஸில் பேடுக்கும் (ஸ்பிரிங் உக்கார்ற மேடை) ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவுல துரு இல்லாம பளபளன்னு ஒரு கோடு. பட்டைகளைக் கோத்து ஆக்ஸிலை இடத்துல நிறுத்துற சென்டர் போல்ட் தலை முறிஞ்சு பின் ஆக்ஸில் முன்னாடி நகர்ந்திருக்கு. சேஸிஸ் மேல தப்பே இல்லை. சக்கரத்தைச் சக்கரத்தோட ஒப்பிட்டு சேஸிஸுக்குத் தீர்ப்பு எழுதாதீங்க. சேஸிஸ்ல ஸ்பிரிங் முனையைப் பிடிக்கிற ஹேங்கர் ஓட்டையிலிருந்து ஹேங்கர் ஓட்டைக்கு அளங்க.

தூக்குக்குண்டு

மேலே ரெண்டு பேரும் சொன்னதுல ஒரு கேள்வி பாக்கி நிக்குது: 7 மி.மீ. இறங்கியும் மூலைவிட்டம் ஏன் காட்டலை? கணக்குப் போட்டுப் பாருங்க. 2500 மி.மீ. மூலைவிட்டத்துல ஒரு முனை 12 மி.மீ. இறங்கினாலும் நீளம் மாறுறது 0.03 மி.மீ. அதை எந்த டேப்பும் காட்டாது. ஆனா 2000 நீளம், 740 அகலம் உள்ள ஃப்ரேம்ல ஒரு ரெயில் 6 மி.மீ. பின்னாடி தள்ளியிருந்தா, ஒரு மூலைவிட்டம் ஏறும், இன்னொண்ணு இறங்கும், ரெண்டுக்கும் நடுவே 11 மி.மீ. கிட்ட வந்துடும். டேப் இதைப் பிடிக்கும், முறுக்கைப் (ஒரு மூலை மேலே, ஒரு மூலை கீழேன்னு திருகி நிக்கிறதை) பிடிக்காது. முறுக்குக்கு உயரம்தான் அளக்கணும்.

எப்படி அளக்கணும்னு யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். முதல்ல ஃப்ரேம் எது மேல உக்காந்திருக்குன்னு பாருங்க. நாலு ஸ்டாண்டு போட்டா, தரை எப்படியோ அப்படி ஃப்ரேம் முறுக்கிக்கும். சி எழுத்து வடிவ இரும்புச் சட்டத்துல ஏணி மாதிரி செஞ்ச ஏணி ஃப்ரேம் அவ்வளவு இளக்கம். பின்னாடி ரெண்டு, முன் கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) நடுவுல ஒண்ணு, ஆக மூணு ஸ்டாண்டு போடுங்க. அப்பதான் உண்மையான முறுக்கு வெளியே வரும்.

அப்புறம் தூக்குக்குண்டு. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தரைக்கு இறக்கி சாக்பீஸ்ல புள்ளி வைங்க. எதிரெதிர் புள்ளிகளோட நடுப்புள்ளியைக் குறிச்சு, முன்னாடியிருந்து பின்னாடிவரை நூலடிங்க. எல்லா நடுவும் நூல்ல விழணும். முன்பகுதி நடுப்புள்ளி மட்டும் வரிசையா ஒரு பக்கம் ஒதுங்கினா, மூக்குல அடி வாங்கின வண்டி. மூலைவிட்டத்தையும் முழு நீளத்துக்கு ஒண்ணோட நிறுத்தாம முன், நடு, பின்னு மூணு கட்டமாப் பிரிச்சு எடுங்க. எந்தக் கட்டத்துல கோணல்னு அப்பதான் தெரியும்.

டேப்போட கொக்கியை நம்பாதீங்க, அது ஆடும். 100 மி.மீ. கோட்டுல வச்சு ஆரம்பிச்சு, அந்த 100-ஐக் கழிச்சுக்குங்க. ஓட்டையோட நடுவைக் கண்ணால தேடவும் வேண்டாம். ரெண்டும் ஒரே அளவு ஓட்டைன்னா இடது விளிம்புலிருந்து இடது விளிம்புக்கு அளந்தாலே நடுவுக்கு நடு அளவு கிடைச்சுடும். நீள்வட்டமாத் தேஞ்ச ஓட்டையை மட்டும் விட்டுடுங்க. இடம் வலம் 3 மி.மீ.க்குள்ள இருந்தா பாடி வேலைக்குப் போகலாம். சஸ்பென்ஷன் பிடிக்கிற புள்ளிகள்ல எனக்கு 3-உம் ஜாஸ்தி.

வெயில்ல போட்டு அளக்காதீங்க. 2 மீட்டர் ரெயில் 20 டிகிரி சூடேறினா அரை மி.மீ. நீளும். ஒரு ரெயில் வெயில்லயும் இன்னொண்ணு நிழல்லயும் இருந்தா அந்த அரை மி.மீ.யே குழப்பம்.

மார்க் 1 அம்பி

அம்பாசடருக்கு இதெல்லாம் எப்படிங்க? தனி சேஸிஸே இல்லையே, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி பாடியும் ஃப்ரேமும் ஒண்ணுதானே. பழைய வண்டிகள்ல முன் டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்கிக்கிட்டுப் பாரம் தாங்குற கம்பி) பின்முனை வண்டித் தரைக்கு அடியில கிராஸ்மெம்பர்லதான் நிக்குது. ஒரு வண்டியில அந்தக் கிராஸ்மெம்பர் இற்றுப்போய், கம்பி முனை பிதுங்கி, வலது முன்பக்கம் படுத்துக்கிச்சு. எல்லாரும் ஸ்பிளைன்ல (கம்பி முனையில வெட்டின பல்வரிசை) ஒரு பல் மாத்திப் போட்டு உயர்த்தறதுலயே குறியா இருந்தாங்க. கார்ப்பெட்டைத் தூக்கினா தரைத் தகடே மடிஞ்சு நிக்குது.

ஹெரால்டு பிரியன்

தூக்குக்குண்டு அண்ணே, மூணு ஸ்டாண்டு ஏணி ஃப்ரேமுக்குப் பொருந்தும். ஹெரால்டுல ரெண்டு மெயின் ரெயிலும் நடுவுல கிட்டக் கிட்ட ஓடுது, பாரம் சுமக்கறது அதுதான், அவுட்ரிகர் வெறும் இறக்கை. ஸ்டாண்டை அவுட்ரிகர்லயோ சைடு ரெயில்லயோ வச்சா அளவே பொய். மெயின் ரெயிலுக்கு அடியில மட்டும் வைக்கணும். அம்பி தம்பி, பாடியே ஃப்ரேம்னா கதவை வெட்டி எடுக்குறதுக்கு முன்னாடி தூணுக்குத் தூண் குறுக்குக் கம்பி டேக் போட்டுக்குங்க, அப்புறம் தரையைத் தொடுங்க.

ஜீப்பு அண்ணே, முறிஞ்ச சென்டர் போல்ட்டுக்கு மாத்தினது ஹைடென்சிலா (உறுதி ஜாஸ்தியான போல்ட்), கடையில கிடைச்ச சாதா போல்ட்டா?

ஜீப்பு 3பி

ஹைடென்சில்தான். ஆனா முறிஞ்சதுக்குக் காரணம் போல்ட் இல்லை, யூ போல்ட் நட்டு நாலும் லூசு. பாரம் ஏத்தி கொஞ்சம் ஓட்டினப்புறம் மறுபடி ஸ்பேனர் போட்டு இறுக்கணும்.