மறு: போர்ட் ஃபார்வர்டிங் – ‘மடைமாற்று’ என்றே வைக்கலாம்

அன்பு நண்பர்களுக்கு,

வீட்டு நாஸ் பெட்டிக்கான (கோப்புகளைச் சேமித்து நெட்வொர்க் வழியே பகிரும் பெட்டி) உதவிக் கையேட்டில் போர்ட் ஃபார்வர்டிங் என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி நிற்கிறோம். போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாயில்; அதற்கு வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் ஒரு கருவிக்கு ரவுட்டர் திருப்பிவிடுவதே போர்ட் ஃபார்வர்டிங். இதுவரை வந்தவை ‘துறை முன்னனுப்பல்’, ‘வாயில் திசைமாற்றம்’, ‘மடைமாற்று’. என் ஓட்டு மடைமாற்றுக்கு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> போர்ட்டுக்குத் துறை என்று நாமே ஏற்றாகிவிட்டது. அதை ஏன் விட வேண்டும்?

விட வேண்டாம் ஐயா. 445ஆம் துறை, 5001ஆம் துறை என்று எண்ணோடு வரும்போது அது நன்றாகவே நிற்கிறது. சிக்கல் ‘முன்னனுப்பல்’ என்பதில். எதை, யாருக்கு முன்னால் அனுப்புகிறோம்? வெளியிலிருந்து வரும் கோரிக்கை ரவுட்டரோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் டிவி, போன், நாஸ் இவற்றில் எதற்கு அது வந்தது என்று ரவுட்டருக்குத் தெரியாது. இந்தத் துறைக்கு வந்தால் இந்தக் கருவிக்குத் திருப்பு என்று நாம்தான் எழுதி வைக்கிறோம். வாய்க்காலில் வரும் தண்ணீரை இந்த வயலுக்குத் திருப்பிவிடுகிற வேலைதான் இது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் யாரிடமும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் படங்கள் முழுக்க நாஸில். ஆல்பம் வடிவமைப்பவர் வெளியூரிலிருந்து எடுத்துக்கொள்வார். ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு வடிவமைப்பவருக்குப் பெட்டி திறக்கவில்லை. ஸ்டுடியோவுக்குள் மட்டும் திறக்கிறது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் மடைமாற்று விதி 192.168.1.5 என்ற முகவரியைக் காட்டுகிறது, பெட்டியோ 192.168.1.9இல் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் வந்ததும், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி புது முகவரி கொடுத்துவிட்டது. “மடை பழைய வயலுக்கே திறந்து கெடக்குண்ணே” என்றேன். “அப்ப அந்த நம்பர் மாறாம கட்டிப் போட்டுரணும்ல” என்றார். அதைத்தான் செய்தோம்: பெட்டியின் மேக் முகவரிக்கு (வன்பொருளின் அடையாள எண்) ஒரே ஐபி முகவரியை ரவுட்டரில் ஒதுக்கிவைத்தோம். சொல் சரியாக இருந்தால் தீர்வு கேட்பவர் வாயிலிருந்தே வருகிறது. இதைவிட வலுவான சான்று எனக்கு வேண்டியதில்லை.

இதே வழியில் சிஜிநாட்டுக்கும் ஒரு சொல் முன்வைக்கிறேன்: ‘பொதுமதகு’. இணையத்தின் பழைய முகவரி வகையான ஐபிவி4இல் முகவரிகள் போதாததால் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே வெளிமுகவரியை இணையச் சேவையர் தருகிறார்; திருப்பிவிடும் கட்டுப்பாடு அவர் கையில். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தாலும் தலைப்பு மதகு திறக்காத வாய்க்காலில் வயல் மடையைத் திறந்து வைத்து என்ன பயன்? ரவுட்டரில் மடைமாற்று எவ்வளவு சரியாக எழுதினாலும் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது ஒன்றில் தொடங்கினால் பொதுமதகுக்குப் பின்னால் இருக்கிறோம். இந்த வரம்பை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். கையேட்டில் இந்தச் சோதனை முதல் பக்கத்திலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் நாள்கணக்கில் தவறான இடத்தில் தேடுவார்கள்.

> கடைசியில் இருக்கும் கருவிக்குக் ‘கடைமடை’ என்று வைக்கலாமே?

அழகான யோசனைதான் தம்பி, ஆனால் வேண்டாம். கடைமடை என்றாலே நம் காதில் தண்ணீர் எட்டாத நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வயல்தான் வரும். குறையைச் சுமக்கிற சொல்லை நல்லபடி ஓடுகிற கருவிக்கு வைப்பானேன். ‘முனைக்கருவி’ போதும்.

‘நுழைவுச் சிக்கல்’ என்று எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போடுவதையும் நான் ஏற்கவில்லை. பெட்டியை அடையவே முடியாதது ஒன்று. அடைந்த பிறகு பெட்டி ஆளை உள்ளே விடாதது இன்னொன்று. முன்னதை ‘எட்டாமை’ என்றும் பின்னதை ‘உள்நுழைவு மறுப்பு’ என்றும் பிரிப்போம். மறுப்பின் காரணங்களே வேறு: கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக அடித்ததால் பெட்டியே அந்த ஐபியைத் தடுத்திருக்கும். பழைய கடவுச்சொல்லை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும். பெட்டியின் கடிகாரம் பின்தங்கியதால் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராகத் திறந்துகொண்டிருந்த பெட்டிகள் பல திறக்காமல் போனதும் இந்தப் பக்கத்தில்தான் சேரும். ஸ்டுடியோக்காரர் எட்டாமையை மறுப்பு என்று எண்ணித்தான் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டினார்.

கையேட்டில் மடைமாற்றுக்குப் பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை தடித்த எழுத்தில் வேண்டும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்), இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. நாஸின் நிர்வாகப் பக்கத்தை நேரடியாக வெளியே திறந்துவிடுவது ஆபத்து. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) வழியே போனால் மடைமாற்றே தேவையில்லை. பெட்டி தானே வெளியே சென்று இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் பொதுமதகும் தடையாகாது. கும்பகோணத்திலும் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

மடைமாற்று, பொதுமதகு, எட்டாமை, உள்நுழைவு மறுப்பு: இந்த நான்கையும் சொற்பட்டியலின் வரைவில் ஏற்றியிருக்கிறேன். ‘வாயில் திசைமாற்றம்’ சொன்ன அக்கா தன் தரப்பையும் எழுதினால் சேர்த்தே முடிவு செய்யலாம். மாறும் வெளிமுகவரிக்கு மாறாத பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ்ஸுக்கு என்னிடம் இன்னும் நல்ல சொல் இல்லை; யாரிடமாவது இருந்தால் தனி இழையில் தொடங்குங்கள்.