கல்விக்கடனில் படித்தவர்கள், படிக்க வைத்தவர்கள்: அனுபவப் பகிர்வு

திருவாரூர் மாவட்டத்து உறுப்பினர்:

2009-இல் கலந்தாய்வு வழியாக ஒரு தனியார் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்தேன். கட்டணமும் விடுதிச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் ரூபாய்க்கு ஊரிலிருந்த வங்கிக் கிளையில் கடன் கிடைத்தது. அந்தத் தொகை வரை அடமானமோ ஜாமீனோ தேவையில்லை என்பதால் நிலப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் என்னோடு சேர்ந்து அப்பாவும் கடன்தாரர் ஆனார். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அவர், இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசித் தாள்களில் அவர் பெயர் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். தவணை இல்லையென்றால் வட்டியும் இல்லை என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். 2014-இல் கணக்கு விவரம் கேட்டபோது நான்கு லட்சம் 5,68,000 ஆக நின்றது. தட்டச்சுப் பிழை என்றே முதலில் எண்ணினேன். பிழை இல்லை: 12 விழுக்காடு தனிவட்டியில் முதலாண்டு வாங்கிய லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்த லட்சத்துக்கு நான்கு ஆண்டு என்று கூட்டினால் வட்டி மட்டும் 1,68,000 வரும். ஏழாண்டுத் தவணை மாதம் பத்தாயிரம்; அம்பத்தூரில் எனக்குச் சம்பளம் பதினோராயிரம்.

மூன்று மாதம் கட்டாமல் விட்டதும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போனது. அம்மாவின் வளையல்களைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து, நகைக்கடன் வாங்கிக் கல்விக்கடனைக் கட்டினோம். இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி மாணவர்களுக்கு அந்தத் தவணையில்லாக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் நான் சேர்ந்த அதே 2009-10 கல்வியாண்டிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. வட்டாட்சியரிடம் ஒரு வருமானச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருந்தால் அந்த 1,68,000 எங்கள் தலையில் விழுந்திருக்காது. கிளையில் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

மதுரையிலிருந்து ஒரு தாய்:

தம்பி, உங்கள் கணக்கைப் படித்ததும் மனம் கனத்தது. ஆனாலும் கடனே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகள் 2016-இல் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, வங்கிக்கு அலைவதைவிடத் தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிவிடலாம் என்றார் என் மைத்துனர். மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

வங்கியில் 11 விழுக்காட்டுக்கு ஆண்டுக்கு எண்பதாயிரம் வீதம் வாங்கினோம். எங்கள் வருமானம் நான்கரை லட்சத்தைச் சற்றே தாண்டியதால் நீங்கள் சொன்ன அந்த வட்டி மானியம் இல்லை. ஆகவே முதல் மாதத்திலிருந்தே வட்டியை மட்டும், பால் கணக்கு தீர்ப்பதுபோல, கட்டிக்கொண்டே வந்தேன். தொடக்கத்தில் 730 ரூபாய் சொச்சம்; நான்காம் ஆண்டில் 2,900-ஐத் தாண்டியபோது சீட்டு ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. படிக்கும்போதே வட்டி கட்டினால் ஒரு விழுக்காடு சலுகை உண்டு என்பதையும் இடையில்தான் அறிந்தேன். படிப்பு முடிந்தபோது அசல் மட்டுமே நின்றது. அதை அவள் தன் சம்பளத்தில் ஐந்தாண்டுகளில் அடைத்தாள். படித்த கையோடு வேலை கிடைக்கும் படிப்பாக அது அமைந்ததையும் மறைக்கக் கூடாது. எளிதில் வேலை கிடைக்காத படிப்பாக இருந்திருந்தால் நானும் உங்களைப் போலத்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

முதலில் எழுதியவரின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் கிளையில் கூட்டம் நெரியும்போது மானிய விவரத்தைச் சொல்லாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். 2018-க்குப் பிறகு அந்த மானியத்துக்கு, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் சான்றைக் கல்லூரியோ, தொழிற்கல்விப் பாடப்பிரிவுகளைத் தரமதிப்பிடும் என்பிஏ அமைப்பின் அங்கீகாரத்தைப் பாடப்பிரிவோ பொதுவாகப் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துவிட்டது. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை விசாரித்துவிடுவது நல்லது. கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தாலும், வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுக்கும்போது ஒரு நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மானியம் வரவில்லையே என்று மூன்று ஆண்டு கழித்துக் கேட்க வந்தவர்களில், அந்த நகலைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே எங்களால் பழைய கோப்பைத் தேட முடிந்தது.