ஓடை மணல் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகு 4ஹெச் லிவர் திரும்ப மாட்டேங்குது, உதவி வேணும்

திருமங்கலத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சாப்டூர் பக்கம் மலையடிவாரத்துல என் மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கு. தார் ரோடு முடிஞ்சதும் ஒன்றரை கிலோமீட்டர் ஓடைக்குள்ளதான் போகணும். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல கரை, கீழ பொதி மணல், நடுவுல உருண்டைப் பாறை. பட்டா நிலத்துக்குப் போற பழைய வண்டிப்பாதை, காட்டுக்குள்ள நுழையுறதில்ல.

வண்டி பழைய ஃபோர் வீல் ஜீப். நாலு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஞாயித்துக்கிழமை 4ஹெச் (நாலு வீலும் இழுக்குற நிலை) போட்டு ஓடையைத் தாண்டிப் போயிட்டு வந்தேன், ஒரு சிக்கலும் இல்ல. ரோடு ஏறினதும் பின் வீல் மட்டும் இழுக்குற 2ஹெச்சுக்கு மாத்த மறந்துட்டேன். ஊருக்குள்ள முக்குல திரும்பும்போது ஸ்டியரிங் கல்லா இறுகுச்சு, முன் வீல் தத்தித் தத்தித் திரும்புது, அடியில 'கடக் கடக்'னு சத்தம். நிறுத்திப் பார்த்தா லிவர் அசையவே இல்ல. பக்கத்து ஒர்க்‌ஷாப்ல டிரான்ஸ்ஃபர் கேஸை (இன்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புற பெட்டி) பிரிக்கணும்னு சொல்லி, கேட்டாலே தலை சுத்துற தொகை சொல்றாங்க. வியாழக்கிழமை தேங்காய் வெட்டு. என்ன செய்யலாம்?

சிம்மக்கல் மெக்கானிக்:
தம்பி, பிரிக்க விட்டுறாதீங்க. உள்ள உடைஞ்ச மாதிரித் தெரியல, முறுக்கிக்கிட்டு நிக்குது. 4ஹெச்ல முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்தியாகணும், நடுவுல வித்தியாசம் வாங்க டிஃபரன்ஷியல் கிடையாது. ஆனா வண்டி திரும்பும்போது முன் வீல் பெரிய வட்டம் போடும், பின் வீல் சின்ன வட்டம். மணல்ல டயர் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கும். தார் ரோட்டுல வழுக்க வழியில்ல, முறுக்கு பூராம் ஷாஃப்டுலயும் பல்லுலயும் ஏறி லிவரைக் கவ்விக்கிடும். நாலு டயரும் ஒரே வயசா? காத்து எவ்வளவு? ரோட்டுல எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க?

திருமங்கலத்துக்காரன்:
அண்ணே, பின்னாடி ரெண்டும் போன மாசம் போட்ட புது டயர். ரப்பர் முடி கூட இன்னும் உதிரல. முன்னாடி ரெண்டும் வாங்கும்போதே இருந்த பழசு. முன் வீல் மணல்ல புதையுதேன்னு அது ரெண்டுலயும் மட்டும் 16 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கினேன், திரும்ப அடிக்கல. தார்ல ஆறு கிலோமீட்டர் வந்திருப்பேன்.

சிம்மக்கல் மெக்கானிக்:
காரணம் அதேதான். பழைய டயர்ல பட்டன் 5 மில்லிமீட்டர் தேய்ஞ்சிருந்தா, ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் குறையும். 100 மீட்டர் ஓடுறதுக்குள்ள முன்னும் பின்னும் ஒரு மீட்டருக்கு மேல கணக்கு இடிக்கும், நேரா ஓட்டினாலும் சரி. காத்து இறக்கினது அதுக்கு மேல.

முதல்ல நாலு டயருக்கும் சரியான காத்து அடிங்க. ஸ்டியரிங்கை நேரா வச்சு, ரிவர்ஸ்ல பத்து மீட்டர் மெதுவா போங்க. போகும்போதே கிளச்சை மிதிச்சு, லிவரை 2ஹெச் பக்கம் இதமா தள்ளுங்க. வம்பா இழுத்தா உள்ள கியரைத் தள்ளுற ஃபோர்க் வளைஞ்சிரும். வரலைன்னா பக்கத்துல புழுதி மண்ணு இருந்தா அதுல ஏத்தி இதையே செய்யுங்க. அதுக்கும் மசியலைன்னா சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீல் ரெண்டுக்கும் கல்லு வச்சு, முன் வீல் ஒண்ணை ஜாக்கியில தூக்குங்க. தரையை விட்டதும் முறுக்கு விட்டுப்போய் வீல் வெடுக்குன்னு சுத்தும். கையோ காலோ பக்கத்துல இருக்கவே கூடாது. தூக்கி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவும் கூடாது.

மஸ்கட் ரிட்டர்ன்:
வண்டிக்கு அண்ணன் சொல்லிட்டாரு, நான் ஓடையைப் பத்திச் சொல்றேன் தம்பி. ஓமன்ல ஒன்பது வருசம் வண்டி ஓட்டினேன், இப்ப மேலூர்ல இருக்கேன். அல் ஹம்ராவுல இருந்து ரஸ்தாக் பக்கம் இறங்குற வாதி பனி அவ்ஃப் பாதையில பல தடவை போயிருக்கேன், வாதின்னா அங்க காட்டாறு. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் கிடுகிடு பள்ளம், நான் போனப்போ பூராம் சரளை. இறக்கத்துல நிறுத்தி 4எல் (நாலு வீலும் மெதுவா, பலமா இழுக்குற நிலை) ஃபர்ஸ்ட் போட்டா வண்டி தானா அடக்கி இறங்கும், பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா சூடாகிப் பிடிக்காமப் போகும்.

அங்க முதல்ல சொல்லிக் கொடுத்தது வாதிக்குள்ள வண்டியை நிறுத்தாதேங்கிறதுதான். தலைக்கு மேல வெயில் அடிக்கும், எங்கயோ மலையில பெய்ஞ்ச மழை அரை மணி நேரத்துல சுவர் மாதிரி வந்து நிக்கும். நம்ம ஊரு காட்டாறும் அப்படித்தான். 2015 மே மாசம் சதுரகிரி ஓடையில திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் செத்தாங்களே, அது அதே மலைதான். ஓடைக்கரை வேலிக்கம்பியைப் பாருங்க, எந்த உயரத்துல சருகு சிக்கியிருக்கோ அவ்வளவு தண்ணி போயிருக்கு. தெளிஞ்ச ஊத்து திடீர்னு கலங்கி, சுள்ளியும் சருகும் மிதந்து வந்தா வண்டியை விட்டுட்டுக் கரை ஏறிருங்க. பெரிய தேங்காய் லோடோட மணல்ல மாட்டினா அதுக்கு நேரம் இருக்காது.

திருமங்கலத்துக்காரன்:
அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. ரிவர்ஸ்ல அசையல. மாட்டுக்கொட்டகைப் பக்கம் புழுதியில ஏத்தினேன், அப்பவும் பாதிதான் வந்துச்சு. கடைசியா ஜாக்கியில இடது முன் வீலைத் தூக்கினேன். டயர் தரையை விட்ட நொடி 'டப்'னு அரைச் சுத்து சுத்துச்சு, மாமா பயந்து ரெண்டடி பின்னாடி போயிட்டாரு. லிவர் வெண்ணெய் மாதிரி 2ஹெச்சுல விழுந்துச்சு. சத்தம் இல்ல, ஸ்டியரிங்கும் இலகுவா இருக்கு. சிமெண்ட் ரோட்டுல முக்குல ரெண்டு கருப்புக் கோடு இன்னும் அப்படியே கிடக்கு.

சிம்மக்கல் மெக்கானிக்:
சந்தோசம் தம்பி. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மட்டும் இறக்கிப் பாருங்க. டிரெயின் போல்ட்டுல பசை மாதிரி இரும்புப் பொடி ஒட்டியிருந்தா பயமில்ல, துண்டு துண்டா வந்தா எனக்குச் சொல்லுங்க. முன் டயர் ரெண்டையும் அதே அளவுல புதுசாப் போடுங்க.

திருமங்கலத்துக்காரன்:
ஆயில்ல பொடி மட்டும்தான் அண்ணே. டயர் சொல்லியாச்சு. மஸ்கட் அண்ணன் சொன்ன மாதிரி வேலிக்கம்பியைப் போய்ப் பார்த்தேன், என் நெஞ்சு உயரத்துல ஓலையும் பிளாஸ்டிக் பையும் சிக்கி நிக்குது. இத்தனை நாளா கண்ணுல பட்டும் படாமப் போயிருக்கேன். நேத்து சாயங்காலம் மலைப் பக்கம் இடி. வெட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சிட்டோம்.